மூலமா, மீளாக்கமா: முதலில் எது?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, ரொறன்ரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பத்தொன்பது வயது இளைஞன். வழக்கமாக அவனுடைய அழைப்பு தாயின் வற்புறுத்தலால் வருவது. "சுகமா இருக்கிறீங்களோ மாமா" என்பதோடு முடிந்துவிடும். இம்முறை அவனாகவே அழைத்திருந்தான்.

"மாமா, நீங்கள் அந்தக் காலத்திலை ஹாஃப்-லைஃப் விளையாடினனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. பழசும் இருக்கு, திருப்பிச் செய்த புதிசும் இருக்கு. எதை முதல்லை விளையாடுறது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். இதே கேள்விக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை விடை சொல்லி, அது தவறான விடை என்பதைப் பின்னர் உணர்ந்தவன் நான். அதனால்தான் இம்முறை அவகாசம் கேட்டேன்.

அரசியலையும் பத்திரிகையுலகையும் பற்றியே பெரும்பாலும் எழுதிவரும் இந்தப் பக்கத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். ஒரு படைப்பின் மூலத்தை முதலில் அணுகுவதா, அதன் திருத்திய புதுவடிவை முதலில் அணுகுவதா என்ற கேள்வி விளையாட்டோடு நின்றுவிடுவதன்று. 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதற்பாகம் 2022இல் வெளிவந்தபோது நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே விவாதம் நடந்தது. கல்கியை முதலில் வாசிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா? படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலை எடுத்தவர்களுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தியின் முகம்தான். அதை அழித்துவிட்டு வேறொரு முகத்தை வரைந்துகொள்ள அவர்களால் இனி இயலாது. நாவலை முன்பே வாசித்திருந்தவர்களோ, தம் மனத்திலிருந்த முகத்தையும் திரையிலிருந்த முகத்தையும் அருகருகே வைத்து வாதாடி மகிழ்ந்தார்கள். வரிசை மாறினால் அனுபவமும் மாறிவிடுகிறது.

விளையாட்டை அறியாத அன்பர்களுக்காகச் சில வார்த்தைகள். மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் பணியாற்றி விலகிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் ஆகிய இருவர் 1996இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் வால்வ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் முதற்படைப்பே ஹாஃப்-லைஃப். ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனத்தின் 'குவேக்' விளையாட்டை இயக்கிய அடித்தள மென்பொருளை உரிமம் பெற்று வாங்கி, அதைப் பெருமளவு மாற்றி, அதன்மேல் இதைக் கட்டினார்கள். 1997 இறுதியில் வெளிவர வேண்டியது. ஏறத்தாழ முடிந்துவிட்ட நிலையில் தாமே விளையாடிப் பார்த்து, இது சுவையாக இல்லை என்று முடிவு செய்து, பெரும்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் செய்தார்கள். வெளியாட்களை அழைத்து விளையாடவிட்டு, செய்தவர்கள் பின்னால் வாய்திறவாமல் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். எந்த இடத்தில் ஆட்டக்காரர் சலிக்கிறார், எங்கே வழிதெரியாமல் விழிக்கிறார் என்பதைக் கண்டு கண்டு திருத்தினார்கள். இறுதியில் 1998 நவம்பர் 19ஆம் நாள் அது வெளிவந்தது. அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தை நிறுத்தி, முழுவதையும் புதிதாக எழுதிய ஆசிரியர்களைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தத் துணிவை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

கதை எளிமையானது. நியூ மெக்சிக்கோ பாலைவனத்தின் அடியில் பிளாக் மேசா என்றோர் ஆய்வுக்கூடம். இருபத்தேழு வயதுப் பௌதிகவியலாளர் கோர்டன் ஃப்ரீமன் ஒரு காலை வேலைக்கு வருகிறார். ஒரு பரிசோதனை பிழைத்துப்போகிறது. ஸென் என்ற வேற்றுலகின் உயிர்கள் கட்டடத்துக்குள் கொட்டுண்கின்றன. உயிர்பிழைத்து மேலேற வேண்டும். இவ்வளவுதான். கதையை எழுத வந்தவர் மார்க் லெய்ட்லோ என்ற அறிவியற் புனைகதை எழுத்தாளர். அவரும் மற்றவர்களும் செய்த முக்கியமான காரியம், அந்தக் கதையை எங்கும் நிறுத்திச் சொல்லாமல் விட்டதுதான். இடையிடையே ஒரு சிறுபடம் ஓடி நாம் கைகட்டிப் பார்த்திருக்கும் வழக்கம் இதில் இல்லை. முதல் நொடி முதல் கடைசி நொடி வரை ஃப்ரீமனின் கண்களை விட்டு நாம் வெளியே வருவதில்லை. அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

1993இல் வந்த 'டூம்' ஆகட்டும், 1996இல் வந்த 'குவேக்' ஆகட்டும், தொடங்கும்போதே கையில் துப்பாக்கி இருக்கும். சில நொடிகளில் சுடத் தொடங்கிவிடலாம். ஹாஃப்-லைஃப்போ நம்மை ஒரு ரயிற்பெட்டிக்குள் ஏற்றிவிடுகிறது. ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள் அந்தப் பெட்டி சுரங்கத்துக்குள் ஊர்ந்து செல்கிறது. பெட்டிக்குள் நடக்கலாம், சன்னலூடாக எட்டிப் பார்க்கலாம். வேறெதுவும் செய்ய இயலாது. பிறகு உடைமாற்றும் அறை, நடைபாதைகள், வணக்கம் சொல்லும் சக ஊழியர்கள். பரிசோதனை அறையில் மாதிரிப்பொருள் வைத்த வண்டியைக் கதிரினுள் தள்ளுபவரும் நாமே. பேரழிவைத் தொடக்கிவைத்த கை நம்முடையது. அதற்குப் பிறகுதான் முதல் ஆயுதம் கிடைக்கிறது. அதுவும் துப்பாக்கியன்று, முனை வளைந்த ஓர் இரும்புக் கடப்பாரை. நம்மூர் அலவாங்கின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதை விளையாடியது 1999இல், கொழும்பில், நான் பணியாற்றிய நாளிதழின் அலுவலகத்தில். பக்கங்கள் அச்சுக்குப் போக நள்ளிரவு கடந்துவிடும். வீதிச் சோதனைச் சாவடிகளைக் கடந்து அந்நேரத்தில் அறைக்குத் திரும்புவது தமிழ் இளைஞனுக்கு உசிதமான காரியமன்று. ஆகவே விடியும்வரை அலுவலகத்திலேயே தங்குவோம். பக்க வடிவமைப்புக்கென வாங்கிய கணினிகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்றே வல்லது. நண்பர் ஒருவர் ஒரு குறுந்தட்டைக் கொண்டுவந்தார். அது அசலா நகலா என்று கேட்பவர் அக்காலத்துக் கொழும்பில் எவருமிலர். மூன்று பேர் ஒரு திரையின் முன்னால் அமர்ந்து, முறைவைத்து விளையாடினோம்.

ஆட்டத்தின் கால்வாசியைத் தாண்டும்போது ஓரிடம் வரும். ஆய்வுக்கூடத்துக்குப் படையினர் வருகிறார்கள் என்ற செய்தி பரவுகிறது. எல்லோரும் மீட்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு விஞ்ஞானி மகிழ்ச்சியோடு கைகளை அசைத்துக்கொண்டு படைவீரனை நோக்கி ஓடுகிறார். அவன் சுடுகிறான். வந்தவர்கள் காப்பாற்ற வந்தவர்களல்லர், சாட்சிகளை அழிக்க வந்தவர்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

அந்த இடத்தில் நாங்கள் மூவரும் ஒன்றும் பேசவில்லை. மட்டக்களப்பைச் சேர்ந்த எங்கள் பக்க வடிவமைப்பாளர் கையை நீட்டி ஒலிபெருக்கியின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தார். தெருமுனையில் சாவடி இருந்தது. இரவு இரண்டு மணிக்குத் தமிழ்ப் பத்திரிகை அலுவலகமொன்றிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்பது நல்லதன்று என்பது அவர் சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது. எஞ்சிய ஆட்டம் முழுவதையும் காதை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டுதான் முடித்தோம்.

அமெரிக்கர் சிலர் தம் நாட்டுப் பாலைவனத்தை வைத்துப் புனைந்த கதை அது. எங்களை நினைத்து எவரும் அதை எழுதவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தையும் அந்தச் சூட்டையும் வெறும் விளையாட்டாகப் பார்க்க எங்களால் இயலவில்லை. அதைச் சொல்வதற்காகவே இதை இங்கே குறித்தேன்.

இனி மீளாக்கத்தின் கதைக்கு வருவோம். 2004இல் ஹாஃப்-லைஃப்பின் இரண்டாம் பாகம் புதிய அடித்தள மென்பொருளில் வெளிவந்தது. அதனோடு முதற்பாகத்தையும் அதே மென்பொருளுக்கு மாற்றி வால்வ் வெளியிட்டது. நீர் சற்றே பளபளத்தது, பொருள்கள் விழும் விதம் மாறியது, மற்றபடி பழையதே. ஏமாற்றமடைந்த ரசிகர் குழுக்கள் இரண்டு, இதை நாமே முறையாகச் செய்வோம் என்று தனித்தனியே தொடங்கிப் பின்னர் ஒன்றாக இணைந்தன. சம்பளமின்றி, வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு, படிப்புக்கும் பிழைப்புக்கும் இடையில் அவர்கள் வேலை செய்தார்கள். தம் அணிக்குக் 'குரோபார் கலெக்டிவ்' என்று அந்தக் கடப்பாரையின் பெயரையே வைத்தார்கள். 2012 செப்டெம்பர் 14ஆம் நாள் 'பிளாக் மேசா' இலவசமாக வெளிவந்தது. அதில் ஸென் உலகம் இருக்கவில்லை. அதன் வாசலோடு ஆட்டம் நின்றது. பின்னர் அதை விலைக்கு விற்க வால்வ் நிறுவனமே இசைவளித்தது. 2015இல் முற்றுப்பெறாத நிலையில் விற்பனைக்கு வந்தது. ஸென் பகுதியும் சேர்ந்து முழுமையான வடிவமாக 2020 மார்ச் 6ஆம் நாள் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாத உழைப்பு. இத்தகைய ரசிகர் முயற்சிகளில் பெரும்பாலானவை பாதிவழியில் கைவிடப்படுபவை. இது முடிந்ததே ஓர் அதிசயம். நன்றாக முடிந்தது அதனினும் பெரிது.

அதே மார்ச் மாதம் இருபதாந் திகதி இலங்கையில் நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. பாடசாலை இல்லை, வெளியே போக வழியில்லை. "அப்பா, எதை விளையாடலாம்?" என்று கேட்டான். இரண்டையும் சொன்னேன். எதை முதலில் என்றான். "புதுசை விளையாடு. கதை அதேதான். படம் வடிவாயிருக்கும்" என்றேன். பிள்ளைக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பைத் தவிர அதில் வேறெதுவும் இருக்கவில்லை.

அவன் ஒரு வாரத்தில் முடித்தான். மெய்யாகவே மகிழ்ந்தான். பிறகு ஒரு மாலை, நான் விளையாடிய பழையதைக் காட்டுகிறேன் என்று அருகில் அமர்த்தினேன். ரயிற்பெட்டி ஊர்ந்தது. அதன் சுவர்கள் அட்டைப்பெட்டி போலிருந்தன. சந்திக்கும் விஞ்ஞானிகளெல்லாம் மூன்று நான்கு முகங்களையே பங்குபோட்டுக்கொண்டவர்கள். அவன் சிரிக்கத் தொடங்கினான். கெட்ட சிரிப்பன்று, பழைய புகைப்படத்தில் தகப்பனின் மணிக்காற்சட்டையைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும் சிரிப்பு. இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டான். "அப்பா, இதுக்காகவோ விடியவிடிய முழிச்சிருந்தனீங்கள்?" என்றான்.

படைவீரனை நோக்கி விஞ்ஞானி ஓடும் இடம் வரை நாங்கள் போகவே இல்லை. அந்த இரவைப் பற்றி, சத்தத்தைக் குறைத்த அந்த மனிதரைப் பற்றி அவனுக்குச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். சொல்லும் வாய்ப்பு வரவில்லை. அந்தக் காட்சி மீளாக்கத்திலும் உண்டு. அவன் அதை ஏற்கெனவே தனியாகக் கடந்திருந்தான். கதை அதேதான் என்று நான் சொன்னது பிழை.

ஆக, என் மருமகனுக்கு நான் சொல்லவிருக்கும் விடை: பழையதை முதலில் விளையாடு. பழமை மேலது என்ற பிடிவாதத்தால் இதைச் சொல்லவில்லை. எனக்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, மீளாக்கம் அறிந்திருக்கும் பல விடயங்களை மூலம் அறியாது. 1998இல் அதைச் செய்தவர்களுக்கு இரண்டாம் பாகத்தின் கதை தெரியாது. பெயரற்ற விஞ்ஞானிகள் கூட்டமாக நின்றார்கள். 2004இல் இரண்டாம் பாகம் வந்தபோது ஈலை வான்ஸ், ஐசாக் கிளெய்னர் என்ற இருவர், தாமும் அன்று அங்கே இருந்தோம் என்றார்கள். மீளாக்கம் அதை வாங்கிக்கொண்டு, அந்த இருவரையும் உரிய முகங்களோடு தொடக்கத்திலேயே நிறுத்திவைக்கிறது. வோர்ட்டிகோன்ட் என்ற உயிர்கள் முதற்பாகத்தில் வெறும் எதிரிகள், கண்டால் சுடவேண்டியவர்கள். அவர்கள் அடிமைகள் என்பதும், பின்னர் நண்பர்களாவார்கள் என்பதும் இரண்டாம் பாகத்தில் விரியும் செய்தி. மீளாக்கத்தின் ஸென் பகுதியோ அவர்களின் குடியிருப்புகளையே காட்டி, அவர்கள் இயல்பில் அமைதியானவர்கள், வேறொருவரின் ஆதிக்கத்தால் தாக்குகிறார்கள் என்பதை உணர்த்திவிடுகிறது. அழகான திருத்தம்தான். ஆனால் யார் இவர்கள் என்று தெரியாமலே சுட்டுவிட்டுப் பின்னர் வருந்தும் அனுபவம் ஒன்று இருக்கிறது. அதை மூலத்தில் தொடங்கியவர் மட்டுமே பெறமுடியும்.

இரண்டாவது, மீளாக்கம் என்பது ஒருவகையில் உரை. இங்கே விரித்தோம், அங்கே சுருக்கினோம், இதை இப்படி விளங்கிக்கொண்டோம் என்று அது ஒவ்வோர் அடியிலும் மூலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. தண்டவாளங்களில் திசைதெரியாமல் அலையவைக்கும் ஓர் அத்தியாயம் மூலத்தில் நீளமானது. மீளாக்கத்தார் அதை வெட்டிக் குறுக்கினார்கள். மேற்றரையில் அணைக்கட்டையும் மலைச்சரிவையும் கடக்கும் அத்தியாயத்திலும் முதலில் வெட்டினார்கள். அணிக்கு வெளியே இருந்த ஒரு ரசிகர் பொறுக்கமாட்டாமல் விடுபட்ட பகுதியைத் தாமே கட்டிக்கொடுக்க, அது பின்னர் சேர்க்கப்பட்டது. இப்படியான சண்டைகளின் சுவையை உணர மூலம் நம் கையில் இருக்கவேண்டும். நூலைப் படியாமல் உரையை மட்டும் படிப்பவர் உரையாசிரியரின் கெட்டித்தனத்தையும் அறியமாட்டார். பிளாக் மேசாவைச் செய்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் மூலத்தை முதலில் விளையாடுவதுதான். அவர்கள் எதைச் சாதித்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது காரணம் ஒலி. மூலத்தில் இசை மிகக் குறைவு. அரிதாக வந்து, சிறிதுநேரம் ஒலித்து மறையும். பெரும்பகுதி இயந்திரங்களின் இரைச்சலும், காற்றுக்குழாய்க்குள் ஏதோ ஊரும் சத்தமும், நம் காலடியோசையும்தான். ஆழ்கிடங்கொன்றில் மூன்று நீண்ட கழுத்துகள் அலகால் இரும்பைக் கொத்திக்கொண்டிருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அவற்றுக்குப் பார்வை இல்லை, செவி உண்டு. பதுங்கிப் பதுங்கி, ஓசைப்படாமல், அவற்றின் அருகாகப் போகவேண்டும். இன்றைய கண்ணுக்கு அந்தக் கழுத்துகள் தகரக்குழாய் போலத் தோன்றும். ஆனால் அந்தக் 'டங்' என்ற ஓசை இன்றும் முதுகைச் சில்லிடவைக்கும். மீளாக்கத்துக்கு ஜோயல் நீல்சன் அமைத்த இசை உயர்ந்தது. நான் தனியாகவே கேட்பதுண்டு. ஆயினும் இசை நமக்கு இங்கே அஞ்சு, இங்கே எழுந்து நில் என்று சொல்லிவிடுகிறது. எதுவும் சொல்லாத இடத்தில் நாமாக அஞ்சுவதற்கு மூலம் இடம் வைத்திருக்கிறது.

எதிர்வாதங்களை நான் அறியாதவனல்லன். அவற்றுள் வலியது இது: பழையதில் தொடங்கும் இளைஞன் பாதியில் சலித்துவிட்டால், இரண்டையும் இழந்துவிடுவானே? புதியதில் தொடங்கினால் ஒன்றையாவது முடிப்பானே? இது நியாயமான அச்சம். அதிலும் மூலத்தின் கடைசிப் பகுதியான ஸென் உண்மையாகவே பலவீனமானது. அந்தரத்தில் மிதக்கும் கற்களின்மேல் தாவித் தாவிப் போகவேண்டும், தவறினால் சாவு, மறுபடி தாவல். அவசரத்தில் கட்டியது போன்ற வெறுமை. அந்த நாட்களிலேயே அதைப் பலர் குறை கூறினார்கள். எங்கள் மூவரில் ஒருவர் அவ்விடத்தில் எழுந்துபோய்த் தேநீர் போட்டவர் திரும்பி வரவே இல்லை. மீளாக்கத்தார் அந்தப் பகுதிக்கெனவே ஆண்டுக்கணக்கில் உழைத்து, அதைப் பல மணிநேரம் நீளும் தனியுலகாக்கினார்கள். சற்றே நீண்டுவிட்டது என்பது என் கருத்து. ஆயினும் மூலத்தின் ஸென்னோடு ஒப்பிட்டால் மீளாக்கமே மேல் என்பதில் ஐயமில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. மூலத்தில் ஒரே முகமுடைய விஞ்ஞானி பத்துத் தடவை சாகிறார்; ஒரு கட்டத்தில் அது நகைச்சுவையாகிவிடுகிறது. மீளாக்கத்தில் ஒவ்வொருவருக்கும் வேறு முகம், வேறு குரல், வேறு நடுக்கம். அங்கே மரணம் மரணமாகத் தெரிகிறது. இதை மறுக்க என்னிடம் சொல் இல்லை. சாவை எண்ணிக்கையாக எழுதிப் பழகிய தொழிலில் இருந்தவனுக்கு ஒரு முகம் எவ்வளவு வேறுபாட்டைச் செய்யும் என்பது தெரியும். இவ்வொன்றில் மீளாக்கம் மூலத்தை வென்றுவிட்டது என்றே எண்ணுகிறேன். ஆனால் இந்த வெற்றியும், முதலில் அந்தப் பத்து ஒரேமுகங்களைக் கண்டவருக்கே முழுமையாகப் புலப்படும்.

எல்லா விளையாட்டுகளுக்கும் இதையே விதியாக்குவேனா? மாட்டேன். 1994இல் வந்த 'சிஸ்டம் ஷொக்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிந்தனையில் மிக உயர்ந்தது. ஆனால் தலையைத் திருப்பிப் பார்க்க ஒரு விசை, சாய்ந்து பார்க்க ஒரு விசை, கைக்கு வேறு, காலுக்கு வேறு என்று அதன் பழைய அமைப்பு இன்றைய கைக்கு அந்நியமானது. அதைப் பழகுவதற்குள் மனம் விட்டுப்போகும். 2023இல் வந்த அதன் மீளாக்கத்தை ஒருவர் முதலில் விளையாடினால் நான் குறைசொல்லமாட்டேன். என் அளவுகோல் எளியது: பழையதன் படம் பழையதா என்று பார்க்காதே, பிடி பழையதா என்று பார். கண் சில மணிநேரத்தில் பழகிவிடும். கை அவ்வளவு எளிதில் பழகாது. ஹாஃப்-லைஃப்பை இயக்கும் முறை, சுட்டியால் பார்த்து விசைகளால் நடக்கும் இன்றைய முறையேதான். அதில் கைக்குத் தடை எதுவுமில்லை. சுவர்கள்தாம் அட்டைப்பெட்டி.

மேலும், பழையதை இன்று பெறுவதும் இலகு. வெளிவந்து இருபத்தைந்து ஆண்டு நிறைவையொட்டி 2023 நவம்பரில் வால்வ் நிறுவனம் மூலத்தைச் செப்பனிட்டு, அகலத்திரைக்குப் பொருந்தச் செய்து, சில நாட்களுக்கு இலவசமாகவே வழங்கியது. அதை உருவாக்கியவர்கள் நினைவுகூரும் ஆவணப்படமொன்றையும் வெளியிட்டது. 2004இன் அரைகுறை மாற்றத்தைக் கடையின் முகப்பிலிருந்து ஒதுக்கிவிட்டு, மூலமே முறையான வடிவம் என்று அறிவித்தது. செய்தவர்களே கால் நூற்றாண்டுக்குப் பின்னர் முதல் வடிவின் பக்கம் நின்றது எனக்கு நிறைவளித்தது. 1998இல் பென்டியம் 133 கணினியும் 24 மெகாபைட் நினைவகமும் கேட்ட விளையாட்டு, இன்று எந்தப் பழைய மடிகணினியிலும் ஓடும். மீளாக்கத்துக்கு ஓரளவு நல்ல வரைகலை அட்டை வேண்டும். பல்கலைக்கழகக் கட்டணம் கட்டும் பிள்ளைக்கு இதுவும் ஒரு கணக்குத்தான்.

ஆகவே மறுநாள் மருமகனை அழைத்து இப்படிச் சொன்னேன். பழையதைத் தொடங்கு. உயர்தரப் பட மாற்றங்கள் எதையும் சேர்க்காதே, இருந்தபடியே விளையாடு. இரவில், காதொலிபெருக்கி மாட்டிக்கொண்டு விளையாடு. படைவீரர்கள் வரும் இடம் வரையாவது போ. மூன்று நான்கு மணிநேரம் செல்லும். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் மனக்குறையின்றி விட்டுவிட்டுப் புதியதற்குப் போ, மாமா கோபிக்கமாட்டேன். பிடித்தால் ஸென் வாசல் வரை போ. ஸென்னில் தாவித் தாவிச் சலித்தால், எப்படி முடிகிறது என்பதை இணையத்தில் பார்த்துவிட்டு மூடிவை. ஒரு மாதம் கழியட்டும். பிறகு பிளாக் மேசாவைத் தொடங்கு. ஒவ்வோர் அறையிலும், இதையா இப்படி மாற்றினார்கள் என்று நீயே சொல்லிக்கொள்வாய். அதுதான் அந்த விளையாட்டின் பாதி இன்பம்.

"படைவீரர் வாற இடத்திலை என்ன மாமா இருக்கு?" என்றான்.

"போய்ப் பார்த்திட்டு எனக்கு எடு. ஒரு கதை சொல்லவேணும்" என்றேன்.

என் மகன் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2023இல் இலவசமாகக் கிடைத்தபோது அவனுடைய கணக்கிலும் மூலத்தைச் சேர்த்துவைத்திருக்கிறான். எப்போது என்று கேட்டால் "பாப்பம் அப்பா" என்கிறான். நான் வற்புறுத்துவதில்லை. ஒரு முறை முதலில் பார்த்ததை மறுபடி முதலில் பார்க்க எவராலும் முடியாது; அவனைப் பொறுத்தவரை அந்த வாய்ப்பைக் கெடுத்தவன் நானே.

நேற்றிரவு ரொறன்ரோவிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது.

"மாமா, ரயிலிலை ஏறிட்டன். ஐஞ்சு நிமிசமா ஒண்டும் நடக்கேல்லை."

"பொறு" என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.